மரமேறி பதில்கள்: தொங்கிக்கிட்டே மான் வேட்டை, வீட்டுலயே செய்யுற சாமான்

போன இதழ்ல "அக்டோபர் 1 மிச்சிகன்ல வில் வேட்டை சீசன் தொடங்குது, சேடிலை எடுத்து தூசி தட்டியாச்சு"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. பாதி பேருக்கு சேடில்னா என்னன்னே தெரியல, மீதி பேரு அதை வீட்டுலயே செய்யலாமான்னு கேக்குறாங்க. இந்த தடவை சமையல் கேள்வி, விசா கேள்வி எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு இதுக்கு மட்டும் பதில்.

கேள்வி: சேடில்னா குதிரை மேல போடுற சேணம்தானே? அதை வச்சு மரத்துல எப்படி மான் வேட்டை? (வாசகி, நியூ ஜெர்சி)

குதிரைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. இடுப்புக்கும் தொடைக்கும் நடுவுல தொட்டில் மாதிரி ஒரு துணி, அதோட ரெண்டு ஓரத்துலயும் வளையம், அந்த ரெண்டு வளையத்தையும் சேர்த்து முன்னாடி ஒரு சின்ன கயிறு, அதுக்கு பேரு பிரிட்ஜ். மரத்தை சுத்தி உங்க நெத்தி உயரத்துல கட்டுற கயிறு டெதர். பிரிட்ஜை டெதர்ல கேரபினர்ங்கிற பூட்டு வளையம் போட்டு மாட்டிட்டு பின்னாடி சாய்ஞ்சா உங்க மொத்த எடையும் மரத்துல தொங்கும், காலை வைக்க கீழ பிளாட்ஃபார்ம்னு ஒரு சின்ன பலகை இருந்தா போதும், நாற்காலி மாதிரி ஸ்டாண்டு எதுவும் தேவையில்ல. மானு இந்தப் பக்கம் வந்தா நீங்க மரத்துக்கு அந்தப் பக்கம் சுத்திப் போய் ஒளிஞ்சுக்கலாம், அதுதான் இதோட பெரிய லாபம். அமெரிக்காவுல வெள்ளைவால் மான் வேட்டைக்காரங்க 15, 20 அடி உயரத்துல இப்படித்தான் மணிக்கணக்கா தொங்குறாங்க. மரத்து மேல ஏறிப்போற கிளைம்பர் ஸ்டாண்டு 20 பவுண்டு வரைக்கும் கனக்கும், சேடில் ரெண்டு மூணு பவுண்டுதான். பொது நிலத்துல ஒரு மைல் ரெண்டு மைல் இருட்டுல நடக்குறவனுக்கு இந்த வித்தியாசம் முதுகுல தெரியும்.

கேள்வி: அண்ணே, கடையில சேடில், பிளாட்ஃபார்ம், நாலு ஸ்டிக் (மரத்துல கட்டி ஏறுற குட்டி ஏணித் துண்டு), கயிறு எல்லாம் சேர்த்து விலை பாத்தா மயக்கம் வருது. எதெல்லாம் நானே செஞ்சுக்கலாம், எதெல்லாம் வாங்கியே ஆகணும்? (கிளீவ்லேண்டு, ஒஹையோ)

தம்பி, எனக்கும் முதல் வருஷம் இதே மயக்கம்தான். அந்த வருஷம் நான் பண்ணின கூத்தை முதல்ல சொல்றேன், அப்புறம் பதில். ஹார்டுவேர் கடையில கெட்டியா பளபளன்னு ஒரு நைலான் கயிறு கிடந்துச்சு, அதை வாங்கி டெதரா கட்டிட்டேன், வீட்டு கராஜ்ல தொங்கிப் பாத்தப்ப ஒரு குறையும் இல்ல. நவம்பர்ல மழை பெஞ்சு நனைஞ்ச மரத்துல ஏறி பிளாட்ஃபார்ம்ல நின்னுக்கிட்டிருக்கேன், கால் வழுக்கிருச்சு, கயிறு அறுந்து போகல, ஆனா நனைஞ்ச நைலான் ரப்பர் மாதிரி இழுபட்டுப் போய் முக்கால் அடி கீழ இறங்கி மூஞ்சி மரப்பட்டையில தேய்ஞ்சு நின்னேன். மூக்குல இன்னும் தழும்பு இருக்கு. கயிறு மேல தப்பில்ல, அது படகு கட்டுறதுக்கு வச்சிருந்த கயிறு, மனுஷனைக் கட்ட எடுத்தது நான்.

அதுக்கப்புறம் நான் வச்சுக்கிட்ட கணக்கு இது. காலுக்குக் கீழ இருக்கிறது உடைஞ்சா நீங்க தொங்குவீங்க. இடுப்புக்கு மேல இருக்கிறது உடைஞ்சா நீங்க விழுவீங்க. அதனால கால் சாமான் எல்லாம் வீட்டுல செய்யலாம்: ஸ்டிக்கை வெட்டி சின்னதாக்குறது, அதைக் கட்டுற கயிறு, எய்டர்னு சொல்ற கயித்து ஏணி, மரத்தை சுத்திப் போடுற மிதிப்படி வளையம், சத்தம் வராம இருக்க சுத்துற டேப்பு, பை, பவுச்சு. இடுப்பு சாமான்ல சேடில், கேரபினர் ரெண்டையும் வாங்குங்க. டெதர், லைன்மேன் பெல்ட் (ஏறும்போது இடுப்புல இருந்து மரத்தை சுத்திப் போடுற கயிறு), பிரிட்ஜ் மூணும் நடுவுல நிக்குது, ஏறுறதுக்குன்னே தயாரிச்ச 8 முதல் 11 மில்லி ஸ்டேட்டிக் கயித்தை (கொஞ்சமா மட்டும் இழுபடுற கயிறு) அடி கணக்குல வாங்கி நீங்களே முடிச்சுப் போட்டுக்கலாம், அதுல பாதி காசு மிச்சம். இடுப்பு சாமான்ல கட்டுறது சரி, தைக்கிறதும் வெல்டு பண்றதும் வேண்டாம். முடிச்சை நீங்க கண்ணால பாத்து சரிபார்க்கலாம், தையலோட உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க முடியாது.

கேரபினர்ல பக்கவாட்டுல எழுத்து பொறிச்சிருப்பாங்க, 22 கிலோநியூட்டனோ அதுக்கு மேலயோ இருக்கணும், அதாவது 2,200 கிலோவுக்கு மேல. தானா பூட்டிக்கிற வாய் இருக்கணும். சாவிக்கொத்துக்கு போடுற கேரபினரும் பாக்க அதே மாதிரிதான் இருக்கும், சிலதுல "ஏறுவதற்கு அல்ல"ன்னு எழுதியே இருக்கும், அதைப் படிக்காம வாங்கினவங்களையும் பாத்திருக்கேன்.

கேள்வி: ஆம்ஸ்டீல் கயித்துல எல்லாம் பண்றாங்களே, அதுல முடிச்சு நிக்க மாட்டேங்குது, வழுக்கிக்கிட்டே போகுது. என்ன தப்பு பண்றேன்? (கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகன்)

தப்பு ஒண்ணே ஒண்ணுதான், அதுல முடிச்சு போடுறீங்க. ஆம்ஸ்டீல்ங்கிறது டைனீமா நாரை 12 புரியா பின்னின கயிறு, உள்ள கூடு காலி, குழாய் மாதிரி. கால் இன்ச் கயிறே 7,000 பவுண்டுக்கு மேல தாங்கும், தண்ணியில மிதக்கும், எடையே தெரியாது. ஆனா சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கும், முடிச்சு போட்டா ஒண்ணு நழுவும், இல்ல பலத்துல பாதி போயிரும். அதை முடிய கூடாது, ஸ்ப்ளைஸ் பண்ணணும், அதாவது கயித்தோட வாலை அதே கயித்து வயித்துக்குள்ள நுழைச்சு புதைக்கணும். இழுக்க இழுக்க வெளிக்கயிறு இறுகி உள்கயித்தை கவ்விப் பிடிக்கும், பாம்பு எலியை விழுங்கின மாதிரி.

எவ்வளவு புதைக்கணும்? கயித்தோட தடிமனை 72ஆல பெருக்குங்க. 6 மில்லி கயிறுன்னா 43 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை அடி. எல்லாரும் சறுக்குற இடம் இதுதான், அரை அடி புதைச்சுட்டு "நல்லா டைட்டா இருக்குண்ணே"ன்னு சொல்லுவாங்க, கையால இழுத்தா டைட்டாத்தான் இருக்கும், எடை ஏறி இறங்கி ஏறி இறங்கி இருக்கும்போது மெதுவா ஊர்ந்து வெளிய வந்துரும். புதைக்கிறதுக்கு முன்னாடி வால் நுனியில ஒவ்வொரு புரியா வெட்டி எலிவால் மாதிரி மெலிசாக்கணும், இல்லேன்னா புதைச்ச இடம் முடியுற எடத்துல கயிறு திடீர்னு ஒடுங்கி பலவீனமாகும். புதைச்ச பிறகு வெளிக்கயித்தை பசு மடியில பால் பீய்ச்சுற மாதிரி உருவி விடுங்க, சுருக்கமெல்லாம் போகணும். கடைசியா அதே நூலால நாலு தையல் குறுக்க போட்டுருங்க, இது பலத்துக்கு இல்ல, பையில சும்மா கிடக்கும்போது நழுவி வராம இருக்க. நுழைக்க தனி ஊசி விக்கிறாங்க, ஆனா மடிச்ச கட்டுக்கம்பி ஒண்ணு போதும், நான் அம்மாவோட ஸ்வெட்டர் பின்னுற ஊசியை எடுத்துட்டு வந்து இன்னும் திருப்பிக் கொடுக்கல.

இன்னொண்ணு முக்கியம். டைனீமா 150 டிகிரி வாக்குல உருகிரும், நைலான் உருக 220க்கு மேல வேணும். அதனால உராய்ஞ்சு நகருற எந்த இடத்துலயும் இது கூடாது, ப்ருசிக் முடிச்சுக்கும் (மெலிசு கயித்தை தடிக் கயித்து மேல சுத்திப் போடுற, நகர்த்தினா நகரும், எடை விழுந்தா கவ்வும் முடிச்சு) கூடாது, கயித்துல வழுக்கி இறங்குறதுக்கும் கூடாது. இழுபடவே படாத கயிறுங்கிறதும் ஒரு ஆபத்து, தளர்வா விட்டுட்டு ரெண்டு அடி விழுந்தா அந்த அதிர்ச்சி மொத்தமும் உங்க முதுகெலும்புக்குத்தான் போகும். ஸ்டிக் கட்ட ஆம்ஸ்டீல், உங்களைக் கட்ட ஸ்டேட்டிக் கயிறு, இப்படி பிரிச்சு வச்சுக்கோங்க.

கேள்வி: என்கிட்ட பழைய 30 இன்ச் அலுமினிய ஸ்டிக் நாலு இருக்கு. வெட்டலாமா? எய்டர் போட்டா ரெண்டு ஸ்டிக்கே போதும்ங்கிறாங்களே? (ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா)

வெட்டலாம், நானும் வெட்டினேன். படி ரெண்டும் தண்டோட சேர்ற இடத்துலயோ வெல்டு இருக்கிற இடத்துலயோ கை வைக்காம வெறும் தண்டுல வெட்டுங்க, வெட்டின வாயை அரத்தால ராவி விடுங்க, இல்லேன்னா கயித்தை அறுக்கும், வாயை அடைக்கலேன்னா காத்துல புல்லாங்குழல் வாசிக்கும், மானு கச்சேரி கேக்க வராது. வெட்டின ஸ்டிக்குக்கு புதுசா படி வெல்டு பண்ணி ஒட்டலாம்னு யோசிக்காதீங்க, அலுமினியத்தை வெல்டு பண்ணினா சூடு பட்ட இடம் சுத்தி பதம் போயி மெத்துன்னு ஆயிரும், தொழிற்சாலையில அதுக்குன்னு வழி வச்சிருக்காங்க, நம்ம கராஜ்ல இல்ல.

எய்டர் சமாச்சாரம் நல்லா இருக்கும், ஆனா பழகணும். 1 இன்ச் குழாய் வெப்பிங் (உள்ள காலியா நெய்த கெட்டி நாடா) வாங்கி, ஒண்ணரை அடிக்கு ஒரு காது வர்ற மாதிரி முடிச்சு போட்டா ஒரு ஏணி ரெடி. வெறும் வெப்பிங் காது தொய்ஞ்சு மூடிக்கும், பூட்ஸ் நுழையாது, அதனால மிதிக்கிற இடத்துல ஒரு சாண் பிளாஸ்டிக் டியூப் கோத்து விடுங்க, வாய் திறந்தே இருக்கும். ஏறும்போது சுகம், இறங்கும்போதுதான் வேடிக்கை, இருட்டுல காலால துழாவித் துழாவி அந்தக் காதைத் தேடணும், கால் மரத்தை ஒட்டி உள்ள போயி உடம்பு வெளிய தள்ளும். லைன்மேன் பெல்ட் இடுப்புல இல்லாம எய்டர்ல கால் வைக்காதீங்க. ரெண்டு ஸ்டிக் எல்லாம் அப்புறம், முதல் சீசன் மூணு ஸ்டிக், கடைசி ஸ்டிக்குல மட்டும் ஒரு காது எய்டர், அப்படி ஆரம்பிங்க.

ஒத்த ஸ்டிக்குல ஏறுறவங்களும் இருக்காங்க, ஏறி, தொங்கி, ஸ்டிக்கை அவுத்து மேல கட்டி, மறுபடி ஏறி. பாக்க அழகா இருக்கும். சுமை குறையும்தான், ஆனா மேல போய்ச் சேரும்போது வேர்த்து விறுவிறுத்துப் போயிருப்பீங்க, அந்த வேர்வை நாத்தத்தை மானு மோந்துரும்.

ஸ்டிக் ஸ்டிக்கோட உரசி டிங்குனு ஒரு சத்தம் வருமே, அதுக்கு பாராகார்டுங்கிற மெலிசு நைலான் கயிறு சுத்துங்க, இல்ல ஹாக்கி மட்டைக்கு சுத்துற துணி டேப்பு. பாராகார்டுக்கு வேலை அதோட முடிஞ்சுது, 550 பவுண்டுன்னு பேரு வச்சிருக்காங்களேன்னு அதுல ஆள் தொங்கக் கூடாது.

கேள்வி: திருகி ஏத்துற ஸ்க்ரூ படி மலிவா கிடைக்குதே, அதை விட்டுட்டு எதுக்கு இவ்வளவு கயிறு? (ஆன் ஆர்பர், மிச்சிகன்)

நம்ம மாநிலத்துல பொது நிலத்துல மரப்பட்டையைத் துளைக்கிற எதுவும் போடக்கூடாது, ஆணி, ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் சட்டப்படி தப்பு. சொந்த நிலம்னா உங்க இஷ்டம். வேற மாநிலத்துக்குப் போனா அங்க உள்ள வேட்டை விதிப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிட்டுப் போங்க, இலவசமாத்தான் தர்றாங்க.

கேள்வி: எங்க மாமியார் பழைய தையல் மெஷின் கொடுத்தாங்க. அதுல சேடில் தைச்சுட்டேன், போட்டோ அனுப்பியிருக்கேன், எப்படி இருக்கு? (சார்லட்)

பாத்தேன், அழகா இருக்கு, நிறம் கூட நல்ல தேர்வு. அதை ஊஞ்சலா கூட பயன்படுத்தாதீங்க. கோவிச்சுக்காதீங்க, காரணம் சொல்றேன். சீட் பெல்ட் மாதிரி தடி வெப்பிங் மூணு நாலு மடிப்பு சேர்ற இடத்துல வீட்டு மெஷின் ஊசி வளையும், தையல் விட்டு விட்டு விழும், மேல பாத்தா வரிசையா இருக்கும், அடியில நூல் தொளதொளன்னு கிடக்கும். நூலும் சாதா மெலிசு பாலியஸ்டர் நூல், ஆள் எடைக்குப் பத்தாது. சரியா தைக்கிறவங்களும் இருக்காங்க, தடி நூல் ஓடுற மெஷின் வச்சு, தைச்ச மாதிரித் துண்டை இழுத்துக் கிழிச்சுப் பாத்து சோதிச்சு தைக்கிறாங்க, அவங்களுக்கு அது ரெண்டாவது தொழில்.

மெஷினை வீணாக்க வேண்டாம். டெதர் போட ஒரு பை, லைன்மேன் பெல்ட் போட ஒரு பை, முட்டி மரத்துல உரசாம இருக்க முட்டிக்கு மெத்தை, இதெல்லாம் கடையில கொள்ளை விலை, உங்க மெஷின்ல ஒரு சாயங்கால வேலை.

கேள்வி: எடை குறைக்கணும்னு லைன்மேன் பெல்ட்டை விட்டுட்டேன், டெதர் மட்டும் போதும்தானே? (பேரும் ஊரும் வேண்டாம்னு எழுதியிருக்காரு)

போதாது. ஒரு பவுண்டு கூட வராத கயிறு அது. தண்ணி பாட்டிலைப் பாதியாக்கிக்கோங்க.

கேள்வி: ப்ருசிக் முடிச்சு சில நாள் கவ்வுது, சில நாள் நழுவுது. ஏன்? (மினியாபொலிஸ்)

கயிறு ரெண்டும் ஒரே தடிமனா இருக்கும். ப்ருசிக் போடுற கயிறு டெதரை விட மெலிசா இருக்கணும், 11 மில்லி டெதருக்கு 7, 8 மில்லி சரியா இருக்கும். மூணு சுத்து சுத்துங்க, சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம வளையல் அடுக்கின மாதிரி வரிசையா படுக்கணும். நனைஞ்சா, உறைஞ்சா நடத்தை மாறும், அதனால ஒவ்வொரு தடவையும் எடையைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு இழு இழுத்துப் பாருங்க. டெதரோட வால் நுனியில ஒரு முடிச்சு போட்டு வைங்க, ப்ருசிக் நழுவினாலும் நுனியைத் தாண்டிப் போகாது.

கேள்வி: எங்க ஊரு பனையேறிங்க ஒரு தளைநாரை வச்சே ஏறிர்றாங்க. இவ்வளவு கயிறும் கேரபினரும் வெள்ளைக்காரன் பண்ற பந்தா இல்லையா? (திசையன்விளை)

நான் உடன்குடிப் பக்கம் பொறந்தவன், கருப்பட்டி வாசத்துல வளந்தவன், இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். முருக்குத்தடியை மரத்துல சாய்ச்சு முதல் மிதி மிதிச்சு, ரெண்டு காலுக்கும் நடுவுல தளைநார், நெஞ்சை மரத்தோட ஒட்டி, இடுப்புல அருவாப்பெட்டி, எங்க பெரியப்பா ஏறுறதை கீழ நின்னு வாயைத் திறந்துக்கிட்டுப் பாத்திருக்கேன். அதை விட லேசான, அதை விட வீட்டுலயே செஞ்ச சாமான் இந்த உலகத்துல கிடையாது. ஆனா பனைக்குக் கிளை இல்ல, தண்டு சொரசொரன்னு இருக்கும், கட்டிப் பிடிக்கிற பருமன். இங்க ஓக் மரம் ரெண்டு பேரு சேர்ந்து கட்டிப்பிடிக்கிற அளவு இருக்கும், பீச் மரம் வாழைத்தண்டு மாதிரி வழுவழு. தளைநார் காலைப் பிடிக்கும், ஆளைப் பிடிக்காது. விழுந்து இடுப்பு ஒடிஞ்சு திண்ணையிலயே கிடந்தவங்களை நானும் பாத்திருக்கேன், நீங்களும் பாத்திருப்பீங்க. அன்னைக்கு அவங்க இடுப்புக்கு இப்படி ஒரு கயிறு இருந்திருந்தா யாரும் பந்தான்னு சொல்லியிருக்க மாட்டோம்.

கேள்வி: நான் காட்டுயிர் போட்டோ எடுக்கிறவன். இந்த சேடிலை இங்க பயன்படுத்தலாமா? வேட்டையும் ஆடலாமா? (பொள்ளாச்சி)

வேட்டை பேச்சே வேண்டாம், 1972ஆம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, மானைத் தொட்டா ஜெயில். போட்டோவுக்கு சேடில் அருமையான சாமான், உங்க தோப்பு மரத்துல தாராளமா தொங்குங்க, காட்டுக்குள்ள மரம் ஏற வனத்துறை அனுமதி வேணும். தென்னையில மட்டும் நகம் மாதிரி குத்துற எதையும் மாட்டாதீங்க, தண்டுல விழுந்த காயம் ஆறாது. ஒரு வேடிக்கை, உங்க பக்கத்து புள்ளிமானை 1932ல டெக்சாஸ்ல கொண்டாந்து விட்டாங்க, அது பெருகிப் பெருகி இப்ப அங்க வருஷம் பூரா அதை சுடலாம், சீசனே கிடையாது. உங்க பக்கம் சட்டம் காக்குற அதே மானு அங்க வெளியூர் ஆளு.

கேள்வி: ரெண்டு மணி நேரத்துல இடுப்பு எலும்பு ரெண்டும் கிடுக்கியில மாட்டின மாதிரி வலிக்குது. (இண்டியானாபொலிஸ்)

டெதரை ஒரு சாண் மேல ஏத்திப் பாருங்க, அப்புறம் பிரிட்ஜை நீளமாக்கிப் பாருங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க, எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது. சேடிலோட கீழ் ஓரம் தொடைக்கு இறங்கணும், இடுப்புல பெல்ட் மாதிரி ஏறி நின்னா கிடுக்கிதான். உக்காரு, சாய்ஞ்சு நில்லு, முட்டியை மரத்துல ஊணுன்னு மாத்தி மாத்தி இருங்க. கால் மரத்துப் போனா அது பொறுத்துக்கிற வலி இல்ல, எழுந்து நின்னு ரத்தம் ஓட விடுங்க. அசையாம தொங்கிக்கிட்டே இருந்தா ரத்தம் கால்ல தேங்கி மயக்கம் வரும், மயங்கித் தொங்குறவனுக்கு கொஞ்ச நேரத்துலயே உயிராபத்து.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் இதையெல்லாம் படிச்சுட்டு கராஜ்ல கயிறு வெட்டிக்கிட்டு இருக்காரு. நான் அவரை என்ன கேக்கணும்? (வாசகி, கொலம்பஸ்)

தங்கச்சி, முதல்ல கராஜுக்குப் போயி தரையில இருந்து ஒரு அடி உயரத்துல அவரை ஒரு மணி நேரம் தொங்கச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து டீ குடிங்க. தொங்கிக்கிட்டே குதிக்கச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க, கண்ணைக் கட்டிட்டு ஸ்டிக் ஏறி இறங்கச் சொல்லுங்க, சீசன்ல ஏறுறது விடிகாலை இருட்டு, இறங்குறது ராத்திரி இருட்டு. அவர் செஞ்ச ஒவ்வொண்ணையும் காட்டி "இது அறுந்தா என்ன ஆகும்?"னு கேளுங்க, "தொங்குவேன்"னு பதில் வந்தா விடுங்க, "அறுந்து போகாதுடி"ன்னு பதில் வந்தா அதை நீங்களே எடுத்துக் குப்பையில போடுங்க.

அப்புறம் எந்த மரம்னு மேப்ல குறி போட்டு உங்க போனுக்கு அனுப்பணும், எத்தனை மணிக்கு கீழ இறங்குவேன்னு சொல்லணும், போனு மேல்சட்டைப் பையில இருக்கணும், முதுகுப் பையில இல்ல, தலைகீழா தொங்கினாலும் கைக்கு எட்டணும். ஒரு விசில் கழுத்துல. வில்லும் அம்பும் அவரோட ஏறக்கூடாது, மேல போயி மாட்டிக்கிட்ட பிறகு கயிறு விட்டு இழுத்துக்கணும். சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆச்சுன்னா போன் போடுங்க, எடுக்கலேன்னா இன்னொரு தடவை போடுங்க, அதுக்கும் எடுக்கலேன்னா யோசிக்காம 911. மானு நின்னுச்சு, அதான் எடுக்கலன்னு சொல்லிட்டு வருவாரு, திட்டுங்க, ஆனா அடுத்த தடவையும் போடுங்க.